பழைய மொறிஸ் மைனருக்குப் புதுப் பிறேக் குழாய்

பிள்ளைகளைப் பின் இருக்கையில் ஏற்ற முன்னம், காருக்குக் கீழே ஒருக்காப் படுத்துப் பாருங்கோ. இங்கே பிரித்தானியாவில் மொறிஸ் மைனர் வாங்குகிற எங்கட ஆக்களுக்கு நான் சொல்லுறது இதுதான்.

யாழ்ப்பாணத்தில் அப்பாமார் ஓடின கார் என்று ஆசையாய் வாங்கி, பெயின்ற், குஷன், குரோம் எல்லாத்துக்கும் காசை இறைக்கிறோம். பிறேக் குழாய் கடைசியில்தான் நினைவுக்கு வரும். 1948 முதல் 1971 வரை வந்த இந்தக் காரில் பிறேக் எண்ணெய்க்கு ஒரே சுற்று. ஒரு குழாய் எங்காவது பொத்துக்கொண்டால் நாலு சில்லுக்கும் பிறேக் இல்லை. மிச்சம் கைப்பிறேக் மட்டும். 40 வயது கடந்த, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு 2018 மே முதல் எம்.ஓ.டி. சோதனையும் கட்டாயமில்லை. நாங்கள் பார்க்காவிட்டால் வேறு ஒருவரும் பார்க்கப்போவதில்லை.

தொழிற்சாலையில் போட்டது உருக்குக் குழாய். பலத்தில் குறையில்லை, விலையும் மலிவு. ஆனால் குளிர்காலத்தில் வீதிக்குப் போடுகிற உப்பு அதைத் தின்றுவிடும். பிறேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை இழுப்பதால் உள்ளேயும் துரு ஏறும்.

செம்பு துருப்பிடிக்காது, கையாலேயே வளைக்கலாம். அதனால்தான் கராஜ்காரர் பலருக்கு அதில் விருப்பம். ஆனால் அதிர்ந்து அதிர்ந்து செம்பு இறுகி, ஒருநாள் வெடிப்பு விடலாம். துருப்பிடிக்காத உருக்கு பார்க்க அழகு. முனையை விரிக்க நல்ல கருவி வேணும், சற்றுப் பிசகினாலும் பூட்டில் கசியும். வீட்டு முற்றத்தில் வேலை செய்பவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

என் தெரிவு செம்பு-நிக்கல் கலவை. கிட்டத்தட்ட 90 வீதம் செம்பு, 10 வீதம் நிக்கல். கடையில் குனிஃபர் என்று கேளுங்கோ. வொல்வோ 1970களிலேயே தன் கார்களுக்குப் போட்டது. விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் உப்புக்கு அசையாது. மைனருக்கு 3/16 அங்குலக் குழாய். பழசை எறியாமல் பக்கத்தில் வைத்து, அதைப் பார்த்தே வளையுங்கோ. முனையின் வடிவமும், கிளிப் இருந்த இடங்களும் அப்படியே வரவேணும். ரப்பர் ஹோசுகளையும் கையோடு மாற்றுங்கோ. வெளியே நல்லாய்த் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும்.

எல்லாம் பூட்டிக் காற்றை எடுத்தபின், ஒருவர் பிறேக்கை அமத்திப் பிடிக்க, மற்றவர் ஒவ்வொரு பூட்டாய்த் தடவி ஈரம் இருக்கா என்று பார்க்கவேணும். எங்கள் வீட்டில் மிதிக்கிறது மகள், கீழே படுத்துத் தடவுறது நான்.