பழைய காரில் கியர் மாறச் சிரமமா?

நிலத்தை இழந்து வேறிடம் வந்த குடும்பத்துக்குப் பழைய கார் ஒன்று கைவசம் இருந்தால் அதுவே பிழைப்புக்கு வழி. மரக்கறி மூடைகளை நுவரெலியாச் சந்தைக்கும், நோயாளியை டிக்கோயா ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோகலாம். ஆனால் ஏற்றத்தில் கியர் விழாவிட்டால் வண்டி பின்னோக்கி உருளும். உயிருக்கே ஆபத்து. நம் நாட்டில் இன்றும் ஓடும் மோரிஸ் மைனரை உதாரணமாக எடுப்போம்.

முதலில் கிளச்சைப் பாருங்கள். சமதரையில் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, கிளச்சை முழுதாக மிதித்து, ஐந்து எண்ணியபின் ரிவர்ஸ் கியர் போடுங்கள். 'கரகர' என்று சத்தம் வந்தால் கிளச் முழுதாக விடுபடவில்லை. மைனரில் பெடலையும் கிளச்சையும் இணைப்பது கம்பி. அதிலுள்ள நட்டைத் திருகிப் பெடலின் வெறும் அசைவைக் குறைக்கலாம். அசைவே இல்லாமல் இறுக்கக் கூடாது. கிளச் வழுக்கித் தேய்ந்துவிடும்.

அடுத்தது ஒயில். மைனரின் கியர் பெட்டிக்கு எஞ்சின் ஒயிலே உரியது. பின் அச்சுக்குரிய தடித்த ஒயிலை ஊற்றினால் குளிர்ந்த காலைகளில் கியர் இறுகும். நிரப்பும் துவாரத்தின் விளிம்புவரை ஒயில் இருக்க வேண்டும். வண்டியின் கீழே போகுமுன் சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பாதீர்கள்.

இவ்விரண்டும் சரியாக இருந்தும் ஒரு கியரில் மட்டும் சத்தம் வந்தால், வேகங்களைச் சமப்படுத்தும் உள்வளையம் தேய்ந்திருக்கலாம். அது கராஜில் செய்யும் வேலை. மைனரின் முதலாம் கியருக்கோ அந்த வளையமே இல்லை; வண்டி நின்றபின் போடுவதே நல்லது. ஆகவே செங்குத்தான ஏற்றம் வருமுன்பே கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள். பணம் செலவழித்துக் கியர் பெட்டியைப் பிரிக்குமுன் கிளச்சையும் ஒயிலையும் பார்த்துவிடுங்கள்.