இரண்டு படிக்கட்டுக்கு நடுவே எத்தனை அடி?

"மாடிக்கு ரெண்டு படிக்கட்டு வெச்சாச்சு. தீப்பிடிச்சா இது இல்லேன்னா அது. இதுக்கு மேல என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். டீயைக் குடித்துக்கொண்டே நிதானமாகப் பார்ப்போம்.

இரண்டும் அடுத்தடுத்து இருந்தால், ஒன்றின் வாசலை அடைக்கிற புகை மற்றதையும் அடைத்துவிடும். அதனால்தான் அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பு, எண்ணிக்கையோடு இடைவெளியையும் கேட்கிறது. தளத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு நூல் பிடித்து அளந்தால் வருகிற நீளத்தில் பாதியாவது இரண்டு வெளியேறும் வாசல்களுக்கு நடுவே இருக்க வேண்டும். கட்டடம் முழுக்க ஸ்பிரிங்க்ளர் போட்டிருந்தால் மூன்றில் ஒரு பங்கு போதும். இந்தச் சலுகை எனக்கு உவப்பானதல்ல. குழாய் அறுந்துபோனால் ஸ்பிரிங்க்ளர் உதவாது. தூரம் அப்போதும் உதவும்.

நியூயார்க்கின் உலக வர்த்தக மையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கோபுரமும் பக்கத்துக்குச் சுமார் 208 அடி. மூலைக்கு மூலை ஏறத்தாழ 294 அடி வரும். படிக்கட்டுகள் மூன்று. மூன்றும் கட்டடத்தின் நடுப்பகுதியில், பெரும்பாலும் ஜிப்சம் பலகைச் சுவருக்குள் இருந்தன. 2001 செப்டம்பர் 11 அன்று வடகோபுரத்தில் விமானம் மோதிய மாடிகளில் அவற்றுக்கு இடையே இருந்தது சுமார் 70 அடிதான். மூன்றும் ஒருசேர அறுபட்டன. 92ஆம் மாடியிலும் அதற்கு மேலும் இருந்தவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

தென்கோபுரத்தில் அடிபட்ட மாடிகளில் லிஃப்ட் இயந்திரங்கள் இருந்தன. அவற்றைச் சுற்றிப் போக வேண்டியிருந்ததால் படிக்கட்டுகள் அங்கே விலகிச் சென்றன. இடைவெளி சுமார் 200 அடி. விமானமும் ஒரு பக்கமாக ஒதுங்கி மோதியது. வடமேற்கில் இருந்த படிக்கட்டு தப்பியது. மோதிய மாடிகளிலிருந்தும் அதற்கு மேலிருந்தும் 18 பேர் அதன் வழியே இறங்கி உயிர் பிழைத்தார்கள். உயிர்காப்பை எண்ணி யாரும் அந்தத் தூரத்தை வரையவில்லை, இயந்திரத்துக்கு இடம் ஒதுக்கியபோது தானாக அமைந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறுகிறது.

அகலமும் ஒரு விஷயம். மூன்றில் இரண்டு படிக்கட்டுகளின் அகலம் 44 அங்குலம். ஓர் ஆளின் தோளகலத்துக்கு 22 அங்குலம் என்ற பழைய கணக்கில், இருவர் பக்கத்தில் பக்கத்தில் இறங்கலாம். ஆனால் நடக்கும்போது உடம்பு இருபுறமும் அசையும். தீயணைப்பு வீரர்கள் கருவிகளோடு எதிரே ஏறி வருவார்கள். அப்போது ஒற்றை வரிசைதான்.

2009ஆம் ஆண்டு விதித்தொகுப்பில் மாற்றம் வந்தது. 420 அடியைத் தாண்டும் கட்டடத்துக்குக் கூடுதலாக ஒரு படிக்கட்டு, மோதலைத் தாங்கும் சுவர், உயரக் கட்டடங்களின் படிகளில் இருட்டிலும் தானாக ஒளிரும் பட்டை. ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு அந்தக் கூடுதல் படிக்கட்டு கட்டாயமில்லை. வீட்டில் குழந்தைகளும் வயதானவர்களும் இருப்பார்கள், இரவில் தூக்கத்திலிருந்து எழுந்து ஓட வேண்டியிருக்கும். அந்த விலக்கை எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து.