“கார்டு போயிடுச்சு” என்று சொன்னால் என்ன கேட்க வேண்டும்?

கல்யாண ஆல்பம் பாதி முடிந்திருக்கும்போது திரை கறுக்கும், கோடுகோடாக வரும், கணினி தானாக அணைந்து மறுபடி எழும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பத்து வயது தாண்டிய டெஸ்க்டாப்பை வைத்துத் தொழில் செய்யும் போட்டோ ஸ்டுடியோக்காரர், பிளெக்ஸ் கடைக்காரர், டிடிபி செய்பவர் எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். சர்வீஸுக்குக் கொண்டுபோனால் வரும் பதில்: “கார்டு போயிடுச்சு, மாத்திடலாம்.” அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் சோதித்துக் காட்டாதவரை அது வெறும் யூகம். யூகத்துக்கு நீங்கள் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

அவர்கள் சொல்லும் கார்டு, திரையில் படத்தைக் காட்டும் கிராபிக்ஸ் கார்டு. அது 2 நொடி பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதன் டிரைவரை மறுபடி தொடங்கப் பார்க்கும். அதுவும் பலிக்காவிட்டால் நீலத் திரையில் ‘வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்’ என்று காட்டி நின்றுவிடும். கார்டு பதில் சொல்லவில்லை என்பது மட்டுமே அந்தச் செய்தி. ஏன் சொல்லவில்லை என்பது அதில் இல்லை. சூடு, தளர்ந்துபோன எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி), பொருந்தாத டிரைவர், கெட்ட ராம் எதுவானாலும் திரையில் தெரிவது ஒன்றுதான்.

சாலையோரக் கடைகளில் முதலில் பார்க்க வேண்டியது தூசி. மின்வயரைப் பிடுங்கிவிட்டுப் பக்கமூடியைத் திறந்து, கார்டின் பேனையும் அதன் அடியில் உள்ள அலுமினியத் தகடுகளையும் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். ப்ளோயர் பிடித்தால் பேன் சுழலாமல் விரலால் நிறுத்திக்கொள்ளுங்கள். கார்டைக் கழற்றி, அதன் தங்கநிற இணைப்பு முனையைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மறுபடி அழுத்திப் பொருத்துங்கள். இந்த அளவிலேயே சரியாகிவிடும் கணினிகள் உண்டு. சரியாகவில்லை என்றால், மதர்போர்டிலேயே திரை இணைப்பு வசதி இருக்கும்பட்சத்தில் கார்டை வெளியே வைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அப்போதும் கணினி நின்றால் சந்தேகம் கார்டை விட்டு வேறு பக்கம் போக வேண்டும். கனமான வேலை கொடுத்தவுடன் எந்தச் செய்தியும் இல்லாமல் அணைந்தால் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகியுங்கள். அதை மட்டும் நீங்கள் திறக்காதீர்கள்; வயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

புது டிரைவர் போட்ட பிறகு கோளாறு தொடங்கியிருந்தால் பழைய பதிப்புக்கே திரும்புங்கள். பழைய கார்டுக்குப் புது டிரைவர் பொருந்தாமலும் போகலாம்: என்விடியா நிறுவனம் கெப்ளர் என்ற தன் பழைய வகைக் கார்டுகளுக்கான வழக்கமான டிரைவர்களை 2021 அக்டோபரில் நிறுத்திவிட்டது.

நம் விழுப்புரம் மாவட்டத்துக்கு மழையும் ஒரு எதிரி. 2024 ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் மட்டும் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நனைந்த கணினி வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும், பிரித்துப் பார்க்காமல் சுவிட்ச் போடாதீர்கள்.

சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். அதில் உங்களை நம்பி வந்த குடும்பங்களின் படங்கள் இருக்கின்றன. கார்டின் சீரியல் எண்ணைப் படம் எடுத்து, ரசீதிலும் எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய கார்டையும் திருப்பிக் கேளுங்கள். அது உங்கள் பொருள்.

பழைய கார்டு வாங்குவதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கிராபிக்ஸ் கார்டுகளை வைத்துச் செய்த மைனிங்கை 2022 செப்டம்பரில் கைவிட்டதும், இரவுபகலாக ஓடிக் களைத்த கார்டுகள் உலகச் சந்தையில் குவிந்தன. இன்னொரு வகை அப்பட்டமான மோசடி: மிகப் பழைய சிப்பின் பயாஸை மாற்றி எழுதி, ‘1050 டிஐ’ போன்ற பிந்தைய மாடலின் பெயரைக் காட்ட வைப்பார்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் இப்படிப்பட்ட போலிகள் பலவற்றைக் காட்டிக்கொடுக்கும். பணம் கொடுக்கும் முன்பே மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

பில் தர மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படியே. “நான் தொழிலுக்கு வாங்கினேனே, நான் நுகர்வோரா?” என்று ஸ்டுடியோக்காரர் தயங்கலாம். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் தன் தொழிலுக்கு வாங்கிய பொருளுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும்.

முன்பெல்லாம் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய கார்டுக்கு வழக்குப் போடச் சென்னைக்கு அலைய வேண்டியிருந்தது. இப்போது நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலேயே தொடுக்கலாம். திண்டிவனத்துக்காரருக்கு விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பல தகராறுகள் அங்கேயே பேசித் தீர்கின்றன. முன்பின் தெரியாத ஆள் இணையத்தில் விளம்பரம் போட்டுப் பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிட்டால் அது சைபர் குற்றம். நேரம் கடத்தாமல் 1930-ஐ அழையுங்கள்.

வழக்குத் தொடுக்க 2 ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் கையில் பில் இல்லாவிட்டால் வாதம் பலவீனமாகிவிடும். ஐந்நூறு ரூபாய் எஸ்எம்பிஎஸ் ஆனாலும் பில் கேட்டு வாங்குங்கள்.