எதை ஆராய்வது? நோயாளியையும் கேட்கிறார்கள்!

முழங்கால் வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் மாத்திரைச் சீட்டோடு திரும்புகிறார். மாத்திரை சாப்பிட்டால் வலி குறைகிறது. நிறுத்தினால் மறுபடி வருகிறது. ஆனால் அவர் மனத்தில் இருக்கும் கேள்விகள் வேறு. நாள் முழுக்க நின்றபடி வேலை பார்க்கலாமா? மாடிப்படி ஏறினால் தேய்மானம் கூடுமா? என்ன பயிற்சி செய்தால் நல்லது? ஆபரேஷன் செய்துகொண்டால் எத்தனை வருஷம் தாங்கும்?

இவற்றுக்கு டாக்டரிடமும் பல சமயம் உறுதியான பதில் இருப்பதில்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. யாராவது பணம் போட்டு ஆராய்ந்து வைத்திருந்தால்தானே அவர் பதில் சொல்ல முடியும்?

இங்கிலாந்தில் சில ஆராய்ச்சியாளர்கள் இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்த்தார்கள். 2000-ம் ஆண்டில் 'லான்செட்' மருத்துவ ஏட்டில் அது வெளியாயிற்று. முழங்கால் மூட்டுத் தேய்மானம் பற்றி நடந்திருந்த சோதனைகளில் 80 சதவீதத்துக்கும் மேலானவை மருந்துகளைப் பற்றியவை. நோயாளிகளைக் கேட்டபோது, "மருந்தைப் பற்றி இன்னும் ஆராயுங்கள்" என்றவர்கள் 100-க்கு 9 பேர்தான்! உடற்பயிற்சிச் சிகிச்சை, ஆபரேஷன், வலியைச் சமாளித்து வாழும் வழி ஆகியவற்றை ஆராயச் சொன்னார்கள் மற்றவர்கள். சிகிச்சை செய்யும் டாக்டர்களின் விருப்பமும் ஏறக்குறைய அதுவே.

விற்கக்கூடிய சரக்கு

காரணம் ரகசியம் அல்ல. மாத்திரையைக் கடையில் விற்கலாம். காலை நீட்டி மடக்கும் பயிற்சியை யார் விற்பது? கம்பெனி தன் சரக்கைத்தான் சோதித்துப் பார்க்கும். ஆனால் பொதுமக்களின் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியும் அந்தப் பக்கமே சாய்வதுதான் வருந்தத்தக்கது. பிரிட்டனில் 2015-ல் வெளியான இன்னொரு கணக்கில், கம்பெனிகள் நடத்திய சோதனைகளில் 86 சதவீதமும், மற்றவர்கள் நடத்தியவற்றில் 37 சதவீதமும் மருந்தைப் பற்றியவை என்று தெரிந்தது. நோயாளிகளும் டாக்டர்களும் சேர்ந்து கேட்டவற்றிலோ அது 18 சதவீதம்தான்.

ஒரே மேஜையில்

இந்த இடைவெளியைக் குறைக்க 2004-ல் பிரிட்டனில் 'ஜேம்ஸ் லிண்ட் கூட்டணி' என்ற அமைப்பு தோன்றியது. லிண்ட் ஒரு கப்பல் டாக்டர். 1747-ல், ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஆறு விதமான வைத்தியம் செய்து பார்த்தவர். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர் சீக்கிரம் தேறினார்கள்.

அவர் பெயரைத் தாங்கிய கூட்டணியின் வேலை முறை எளிமையானது. ஒரு நோயை எடுத்துக்கொள்வார்கள். நோயாளிகள், வீட்டில் அவர்களைக் கவனிப்பவர்கள், டாக்டர்கள், நர்ஸ்கள் எல்லோரிடமும், "உங்களுக்கு விடை தெரியாத கேள்வி எது?" என்று கேட்பார்கள். நூற்றுக்கணக்கில் கேள்விகள் வந்து குவியும். ஏற்கனவே விடை கண்டவற்றைக் கழித்துவிட்டு, கடைசியில் எல்லாத் தரப்பினரும் ஒரே மேஜையில் அமர்ந்து, பேசி, முதல் பத்துக் கேள்விகளை வரிசைப்படுத்துவார்கள். மருந்துக் கம்பெனிகளுக்கு அங்கே இடமில்லை. ஆராய்ச்சியை மட்டுமே தொழிலாகக் கொண்டவர்களுக்கு ஓட்டு இல்லை.

முதலில் எடுத்துக்கொண்டது ஆஸ்துமா. 2007-ல் அந்தப் பட்டியல் தயாராயிற்று. மருந்துகளை வருஷக்கணக்காகச் சாப்பிட்டால் என்ன கெடுதல் வரும் என்ற கேள்வி அதில் இருந்தது. மூச்சுப் பயிற்சியால் பலன் உண்டா என்ற கேள்வியும் இருந்தது. பட்டியலில் ஏறிவிட்டால் பணம் தானாக வந்துவிடாது. மூச்சுப் பயிற்சிக்கு அதிர்ஷ்டம் அடித்தது. பிற்பாடு அரசாங்க ஆராய்ச்சி நிதியிலிருந்து ஒரு பெரிய சோதனைக்குப் பணம் கிடைத்தது.

655 நோயாளிகள் அதில் சேர்ந்தார்கள். யாரும் வழக்கமான மருந்தை நிறுத்தவில்லை. சிலருக்குப் பயிற்சியாளர் நேரில் சொல்லிக் கொடுத்தார். சிலருக்கு ஒரு வீடியோத் தட்டும் சிறு புத்தகமும் கொடுத்தார்கள். மற்றவர்கள் பழையபடி இருந்தார்கள். 2018-ல் வந்த முடிவு ருசிகரமானது. நுரையீரலை அளக்கும் கருவியில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஆனால் பயிற்சி செய்தவர்களின் அன்றாட வாழ்க்கை முன்னைவிட நன்றாக இருந்தது. நேரில் கற்றவர்களுக்குக் கிடைத்த பலன், வீட்டில் படம் பார்த்துக் கற்றவர்களுக்கும் கிடைத்தது! கருவியின் முள்ளை மட்டும் நம்பியிருந்தால் 'பயனில்லை' என்று ஒதுக்கியிருப்பார்கள்.

மார்க் போடும் பெண்கள்

அமெரிக்காவில் ஒரு படி மேலே போனார்கள். மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்கள் போராடியதன் விளைவாக, 1992-ல் அந்நாட்டுப் பாராளுமன்றம் ராணுவ இலாகாவின் மூலம் அந்நோய் ஆராய்ச்சிக்கு 21 கோடி டாலர் ஒதுக்கியது. 1995 முதல், பணம் கேட்டு வரும் திட்டங்களுக்கு மார்க் போடும் குழுக்களில், விஞ்ஞானிகளோடு நோயிலிருந்து மீண்ட பெண்களும் சம ஓட்டுடன் அமர்ந்தார்கள். படிக்காத விஷயத்தில் இவர்கள் என்ன தீர்ப்புச் சொல்வார்கள் என்று சந்தேகப்பட்ட விஞ்ஞானிகள் உண்டு. ஆனால் அவர்கள் போட்ட மார்க், விஞ்ஞானிகள் போட்டதிலிருந்து பெரிதாக விலகவில்லை என்று பின்னர் தெரிய வந்தது.

அப்படியானால் அவர்கள் எதற்கு? தன் திட்டத்தால் நோயாளிக்கு என்ன நன்மை என்பதைச் சாதாரண மொழியில் எழுதித் தர வேண்டிய கட்டாயம் அங்கே விஞ்ஞானிக்கு ஏற்பட்டது. அது சின்ன விஷயம் அல்ல.

நம் நாட்டில்?

மருந்துச் சோதனைகளைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுக்களில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவராவது மருத்துவத் துறை சாராத சாதாரண மனிதராக இருக்க வேண்டும் என்று 2019-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. நல்ல ஏற்பாடுதான். சோதனைக்கு உட்படுகிறவர் ஏமாற்றப்படாமல் இருக்க அவர் காவல். ஒப்புதல் படிவம் புரியும்படி இருக்கிறதா, கெடுதல் நேர்ந்தால் ஈட்டுத்தொகை உண்டா என்று அவர் கேட்கலாம். ஆனால் அவர் முன் ஃபைல் வந்து சேரும்போது, எதை ஆராய்வது என்பது முன்பே முடிவாகியிருக்கும்.