குருதிக் குழாய்களும் இழைமணிகளும்

வயலுக்கு நீர் பாய்ச்சும் வாய்க்கால் தூர்ந்தால் பயிர் வாடும். நம் உடலெங்கும் குருதியைக் கொண்டு செல்லும் குழாய்களும் அத்தகையனவே. ஆயினும், ஒரு வேறுபாடு உண்டு. வாய்க்கால் உயிரற்றது, குருதிக் குழாயோ உயிரணுக்களால் ஆயது.

குழாயின் உட்புறத்தை ஒரே அடுக்காக அமைந்த மெல்லிய உயிரணுக்கள் போர்த்தியுள்ளன. அவை நைட்ரிக் ஆக்சைடு என்னும் வளியைச் சுரந்து, குழாயின் தசையைத் தளரச் செய்கின்றன. அதனால் குழாய் விரிந்து, குருதி தடையின்றி ஓடுகின்றது. இவ்வுண்மையை வெளிப்படுத்திய பர்ச்காட், இக்னாரோ, முராத் என்னும் அமெரிக்க அறிஞர் மூவர்க்கும் 1998-ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

இனி, அவ்வுயிரணுக்களின் உள்ளே நோக்குவோம். அங்கே இழைமணிகள் என்னும் நுண்ணுறுப்புகள் உள்ளன. இவற்றுக்கு மைட்டோகாண்டிரியா என 1898-இல் பெயரிட்டவர் கார்ல் பெண்டா என்னும் செருமானிய அறிஞர். இழை, மணி என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களால் ஆயது அப்பெயர். தமிழ்ப் பெயரும் அப்பொருளையே தழுவியது.

இழைமணிகள் உணவின் சத்தை உயிர்வளியோடு சேர்த்து ஆற்றலை ஆக்குகின்றன. இதயத் தசைக்கு அவ்வாற்றல் பெரிதும் வேண்டும். குழாயின் உட்படல அணுக்களோ, தமக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதியைச் சருக்கரையை உயிர்வளியின்றிப் பிளந்தே பெறுகின்றன. அங்ஙனமாயின், அங்கே இழைமணிகளுக்கு என்ன வேலை? அவை காவலர் போல் நின்று, உயிர்வளியின் அளவு முதலிய மாறுதல்களை உணர்ந்து உயிரணுவுக்கு அறிவிக்கின்றன.

அடுப்பு எரியுமிடத்தில் தீப்பொறி பறத்தல் இயல்பு. இழைமணிகளிலிருந்தும் கடுவினை புரியும் உயிர்வளி மூலக்கூறுகள் வெளிப்படுகின்றன. அளவோடிருப்பின் அவை செய்தி சொல்லும் தூதாகும். அளவு மீறின் நைட்ரிக் ஆக்சைடை அழித்துவிடும். அப்போது குழாய் விரியும் தன்மையை இழக்கும். நாளடைவில் சுவரில் கொழுப்புப் படிந்து தடிக்கும். நீரிழிவும் புகையிலையும் இக்கேட்டை மிகுவிப்பன. இதயத்தின் குழாய் அடைபடின் மாரடைப்பும், மூளையின் குழாய் அடைபடின் பக்கவாதமும் நேரும்.

இதனைத் தடுக்கும் வழியும் உடலிலேயே உண்டு. பழுதுற்ற இழைமணிகளை உயிரணு தானே சிதைத்து அகற்றும். உடற்பயிற்சி புதியனவற்றைத் தோற்றுவிக்கும்.

மாணவர்களே! குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிதல் முதுமையில் தொடங்குவதன்று. இளமையிலேயே, நோவின்றித் தொடங்குவது. ஆதலின், நாள்தோறும் ஓடி ஆடுங்கள், புகையிலையைத் தீண்டாதீர்கள். தூர்ந்தபின் வாய்க்காலை வெட்டுவதினும், தூராமற் காத்தலே அறிவுடைமை.