நடுக்குவாதம் மூளைக்குள் பரவுவது எப்படி?

ரெட்டியார்சத்திரம் பக்கம் தோட்டத்தில் உழைத்த பெரியவருக்குச் சும்மா இருக்கும்போது கை நடுங்கினால், 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடுகிறோம். அது நடுக்குவாதம் எனும் பார்க்கின்சன் நோயாக இருக்கலாம்.

ஏன் நடுக்கம்?

நடுமூளையில் டோபமின் சுரக்கும் நரம்புச் செல்கள் மடிகின்றன; டோபமின் குறைவதால் நடுக்கம் வருகிறது. மிஞ்சிய செல்களில் ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் உருக்குலைந்து திரண்டிருக்கும்.

எப்படிப் பரவுகிறது?

செல்கள் எக்சோசோம் எனும் நுண்பைகளை வெளியே அனுப்புகின்றன. விட்டம் சுமார் 30 முதல் 150 நானோமீட்டர். இவை செய்தி சுமக்கும், கழிவையும் அகற்றும். உருக்குலைந்த புரதம் இவற்றில் ஏறினால், போய்ச் சேரும் செல்லின் நல்ல புரதத்தையும் தன்னைப் போலவே திரித்துவிடக்கூடும். நோயாளிகளின் மூளையில் பல ஆண்டுகளுக்கு முன் பொருத்திய இளம் செல்களிலும் அதே புரதத் திரட்சி இருந்ததை 2008இல் ஆய்வாளர்கள் கண்டார்கள். செல்லிலிருந்து செல்லுக்கு நோய் தாவுகிறது என்பதற்கு அது வலுவான சான்று. நுண்பை அதற்கான வழிகளில் ஒன்று. ஆனால் இந்நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றாது.

நமக்கு என்ன பயன்?

நுண்பைகள் ரத்தத்திலும் கலப்பதால், நோயை முன்கூட்டியே அறிய அவற்றை ஆராய்கிறார்கள். டோபமின் குறையை ஈடுகட்ட மாத்திரைகள் இன்றே உண்டு. நடுக்கம் தெரிந்தால் தள்ளிப்போடாமல் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை நரம்பியல் பிரிவில் காட்டுங்கள்.