மனை திரும்பும் புறா

பந்தயம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது ஒரு பெரிய திடலும், அதனைச் சூழ்ந்து நின்று ஆரவாரிக்கும் மக்கள் கூட்டமுமே ஆகும். குதிரை ஓடினும், படகு விரையினும், புறப்பாடு முதல் முடிவு வரை யாவும் காண்போர் கண்ணுக்கு விருந்தாகும். ஆனால், காண்போரே இல்லாத பந்தயம் ஒன்று உண்டு. வானமே அதன் ஓடுகளம். அதன் தொடக்கத்தில் போட்டியிடுவோர் உடன் இருப்பதில்லை. அதன் நடுப்பகுதியை எவரும் கண்டதில்லை. அதன் முடிவிடமோ ஒன்றன்று, பல்லாயிரம். அதுவே நெடுந்தொலைவுப் புறாப் பந்தயம்.

ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனா நகரிலிருந்து ஆண்டுதோறும் ஜூலை மாதத் தொடக்கத்தில் நடைபெறும் பந்தயம் இவ்வகையுள் பெரும்புகழ் வாய்ந்தது. பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ், இங்கிலாந்து முதலிய நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான புறாக்கள் கூடைகளில் அடைக்கப்பெற்று, லாரிகளில் அங்குக் கொண்டு செல்லப்படும். வானம் தெளிந்துள்ள ஒரு காலைப் பொழுதில் கூடைகளின் கதவுகள் ஒருங்கே திறக்கப்படும். பெருமழை இறங்கினாற்போன்ற சிறகோசை எழும். புறாக்கள் வானில் வட்டமிட்டுத் திசை தேர்ந்து, வடக்கு நோக்கி மறையும். அவ்வளவே, அங்குப் பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லை. பிரசெல்ஸ் நகர்ப் பக்கத்துக் கூட்டிற்குச் செல்லவேண்டிய புறாவிற்கு, அவ்விடத்திலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 1,060 கிலோமீட்டர் வழி உண்டு. இடையே பிரனீஸ் மலைத்தொடர் குறுக்கிடும். காற்று வாய்ப்பாக அமைந்தால் மிகச் சில புறாக்கள் அன்று மாலையே வீடு சேரும். ஏனையவை இரவில் எங்கேனும் ஒடுங்கியிருந்து, மறுநாளோ அதற்கு மறுநாளோ வந்து சேரும். வாராதனவும் உண்டு.

இப்புறா, நம் கோயிற் கோபுரங்களில் வாழும் மாடப்புறாவின் இனத்தைச் சேர்ந்ததே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெல்ஜிய நாட்டார் பலவகைப் புறாக்களை இணைசேர்த்து, வீடு திரும்பும் இயல்பும் விரைவும் மிக்கவற்றை மட்டும் தேர்ந்து தேர்ந்து வளர்த்தமையால் உருவானதே இப்பந்தயப் புறா. சென்னையில் புறா வளர்ப்போர் இதனை ‘ஹோமர்’ என்றே வழங்குவர். அரைக் கிலோவிற்கும் குறைந்த எடையுடைய இச்சிறு பறவை, மணிக்கு எழுபது எண்பது கிலோமீட்டர் விரைவில் நாள் முழுவதும் பறக்க வல்லது.

புறாவைப் பற்றிப் பேசுமிடத்து ஒரு சொல்லாராய்ச்சி செய்யாமல் மேற்செல்ல என் மனம் ஒருப்படவில்லை. பட்டினப்பாலையில் ‘தூதுணம்புறவு’ என்றொரு பறவை வருகின்றது. தூது செல்லும் புறா என்று அதற்குப் பொருள் கொள்ளுதல் பிழை. ஈண்டுத் ‘தூது’ என்பது சிறுகல்லைக் குறிக்கும். கல்லை உண்ணும் அழகிய புறா என்பதே பொருள். பல்லில்லாத இப்பறவை, தான் விழுங்கிய தானியத்தை அரைத்துக் கொள்வதற்காகச் சிறுகற்களைக் கொத்தி உண்கின்றது. இன்றும் பந்தயப் புறா வளர்ப்போர் தானியத்தோடு கல்மணலும் கிளிஞ்சற் பொடியும் தவறாது வைக்கின்றனர். தூது உண்ணும் பறவை, தூது செல்லும் பறவையாகவும் அமைந்தது மொழி செய்த விளையாட்டுப் போலும்.

தூது சென்ற வரலாறும் சிறிதன்று. 1850ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஆகென் நகருக்கும் பெல்ஜியத்தின் பிரசெல்ஸ் நகருக்கும் இடையே தந்திக்கம்பி இல்லாத இடைவெளி இருந்தது. ராய்ட்டர் என்பார் புறாக்களைக் கொண்டு அவ்விடைவெளியைக் கடந்து, பங்குச் சந்தைச் செய்திகளை அனுப்பினார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற செய்தி நிறுவனத்தை நிறுவியவர் அவரே. 1870-71இல் பாரிஸ் நகரைப் பகைவர் முற்றுகையிட்டபோது, நகரத்தார் புகைக்கூண்டுகளில் புறாக்களை ஏற்றி வெளியே அனுப்பினர். அவை நுண்படச் சுருள்களில் பதிக்கப்பெற்ற மடல்களைச் சுமந்து நகருக்குள் மீண்டன. நம் நாட்டிலும் ஒரிசா மாநிலக் காவல் துறையினர் 1946ஆம் ஆண்டில் புறா அஞ்சலைத் தொடங்கிப் பல்லாண்டுகள் நடத்தினர்.

இவற்றினும் என் நெஞ்சைக் கவர்ந்தது ‘வின்கி’ என்னும் புறாவின் வரலாறே. 1942ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பிரிட்டிஷ் போர் விமானம் ஒன்று வடகடலில் வீழ்ந்தது. அதில் இருந்த நால்வரும் கடுங்குளிரில் சிறு படகொன்றில் தத்தளித்தனர். அவர்கள் இருக்குமிடம் கரையில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. விமானத்தில் இருந்த புறா எண்ணெயில் நனைந்த சிறகுகளுடன் ஏறத்தாழ 190 கிலோமீட்டர் பறந்து, ஸ்காட்லாந்தில் உள்ள தன் கூட்டை அடைந்தது. அதன் காலில் செய்தி ஏதும் கட்டப்பெறவில்லை. ஆயினும், விமானம் வீழ்ந்த நேரம், புறா வந்து சேர்ந்த நேரம், காற்றின் வலிமை, சிறகில் படிந்த எண்ணெயின் சுமை ஆகியவற்றைக் கொண்டு கணக்கிட்டு, படகு மிதந்த இடத்தை அறிந்து நால்வரையும் மீட்டனர். உயிர் பிழைத்தோர் பின்னர் அப்புறாவிற்கு விருந்தெடுத்துச் சிறப்புச் செய்தனர். போரில் பணிபுரிந்த விலங்குகளுக்கு வழங்கப்பெறும் டிக்கின் பதக்கம் 1943இல் முதன்முதலாக அளிக்கப்பெற்றபோது, அதனைப் பெற்றவற்றுள் வின்கியும் ஒன்று.

தந்தியும் தொலைபேசியும் வானொலியும் பரவியபின் புறாத்தூது தேவையற்றதாயிற்று. தொழில் மறைந்தது, ஆனால் விளையாட்டு மறையவில்லை. ஏன்? இதற்கு விடை காணவேண்டுமாயின், இவ்விளையாட்டை வளர்த்தவர் யாவர் என்று நோக்குதல் வேண்டும். இங்கிலாந்தின் அரச குடும்பத்தார்க்கும் புறாக்கூடு உண்டு. பெல்ஜிய மன்னர் 1886இல் பரிசாக அளித்த பறவைகளைக் கொண்டு அது தொடங்கப்பெற்றது. எனினும், இப்பந்தயத்தின் உயிர்நாடியாக விளங்கியவர்கள் பெல்ஜியத்திலும், வட இங்கிலாந்திலும், ஜெர்மனியின் ரூர் பகுதியிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்த எளிய மக்களே. ‘எளியவனின் பந்தயக் குதிரை’ என்று ஜெர்மானியர் புறாவைக் கூறுவர். பகலெல்லாம் கதிரவனைக் காணாது மண்ணுக்கடியில் உழைத்த ஒருவன், மாலையில் வெளியே வந்து, தன் வீட்டுக் கொல்லையில் நின்று வானத்தை நோக்குகின்றான். அவ்வானத்தில் தனக்கென்றும் ஓர் உயிர் பறந்து வருகின்றது என்னும் எண்ணம் அவனுக்கு எத்தகைய இன்பத்தை அளித்திருக்கும்!

இனிப் பந்தயம் நடைபெறும் முறையைக் காண்போம். குஞ்சு பொரித்து ஏறத்தாழ ஒரு வாரம் ஆனதும், ஆண்டும் எண்ணும் பொறித்த வளையம் ஒன்றை அதன் காலில் மாட்டுவர். கால் பருத்தபின் அதனைக் கழற்ற இயலாது. ஆகவே வாழ்நாள் முழுவதும் அதுவே அப்புறாவின் பெயர். சிறகு முற்றியதும், முதலில் கூட்டைச் சுற்றியும், பின்னர்ச் சில கிலோமீட்டர் தொலைவிலிருந்தும், அதன்பின் படிப்படியாக நெடுந்தொலைவிலிருந்தும் விட்டுப் பழக்குவர். பந்தயத்தன்று எல்லாப் புறாக்களும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் விடப்பெறினும், அவை சேரும் வீடுகள் வெவ்வேறு தொலைவில் உள்ளன. எனவே, முதலில் வந்ததே வென்றது என்று கூறுதல் இயலாது. ஒரு புறா 500 கிலோமீட்டர் தொலைவை 400 நிமிடத்தில் கடந்தது என்று கொள்வோம். அதன் விரைவு நிமிடத்திற்கு 1,250 மீட்டர். மற்றொன்று பத்து நிமிடம் தாழ்த்து வந்தது. ஆனால், அதன் வீடு 520 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அதன் விரைவு நிமிடத்திற்கு 1,268 மீட்டர் ஆகும். பின்னர் வந்ததே வெற்றி பெற்றது! முற்காலத்தில் புறாவின் காலில் மாட்டிய ரப்பர் வளையத்தைக் கழற்றி, முத்திரையிட்ட கடிகாரப் பெட்டிக்குள் இட்டு நேரத்தைப் பதிவு செய்தனர். இன்று பல இடங்களில் மின்னணு வளையம் அணிந்த புறா கூட்டு வாயிலில் கால் வைத்த அளவிலேயே நேரம் தானே பதிவாகின்றது.

புறாவை விரைவுபடுத்தக் கடிவாளமும் இல்லை, சாட்டையும் இல்லை. அது தன்னை வளர்த்தவன் ஏவலுக்காகப் பறக்கவில்லை. தான் பந்தயத்தில் இருப்பதையே அது அறியாது. அதனை ஈர்ப்பன அதன் துணையும் முட்டையும் குஞ்சுமே. புறா ஒரு துணையோடு கூடி வாழும் இயல்புடையது. ஆணும் பெண்ணும் முறைவைத்து அடைகாக்கும். இரண்டுமே தம் தொண்டைப்பையில் ஊறும் பாலைக் குஞ்சுகளுக்கு ஊட்டும். வளர்ப்போர் இவ்வன்பை நன்கறிந்து பயன்படுத்துகின்றனர். ஆணையும் பெண்ணையும் சில நாள் பிரித்து வைத்து, கூடையில் அடைப்பதற்கு முன் சிறிது நேரம் ஒன்றையொன்று காணச் செய்வர். ‘கைம்மை முறை’ என்பது இதற்கு ஐரோப்பியர் இட்ட பெயர். பிரிவைப் பாடுதற்கென்றே பாலை என்றொரு திணையை வகுத்த நம் முன்னோர், பிரிவாற்றாமையைக் கொண்டு பந்தயம் நடத்துவதைக் கேட்டிருப்பின் என்ன கூறியிருப்பரோ!

அன்பு ஈர்க்கலாம், ஆனால் வழியைக் காட்டுவது யாது? முன்பின் கண்டிராத ஊரில், மூடிய கூடையிலிருந்து வெளிவந்த பறவை தன் வீட்டுத் திசையை எங்ஙனம் அறிகின்றது? கதிரவன் நிலையையும் தன் உடலுக்குள் இயங்கும் காலக் கணக்கையும் கொண்டு அது திசையறியும் என்று அறிஞர் கண்டுள்ளனர். செயற்கை விளக்கொளியால் அக்காலக் கணக்கை ஆறு மணி நேரம் மாற்றிவிட்டால், புறா ஏறத்தாழக் கால்வட்ட அளவு திசை மாறிப் பறக்கின்றது. அங்ஙனமாயின் மேகம் மூடிய நாளில் என் செய்யும்? அமெரிக்க அறிஞர் கீட்டன், புறாக்களின் முதுகில் சிறு காந்தங்களைக் கட்டி விட்டார். வெயில் நாளில் அவை தடுமாறவில்லை. மேகம் மூடிய நாளில் வழி தவறின. எனவே, நிலவுலகின் காந்த ஆற்றலும் அவற்றிற்குத் துணையாதல் பெறப்பட்டது. இவ்வாராய்ச்சி 1971இல் வெளிவந்தது. இத்தாலி நாட்டுப் பாப்பி என்பாரும் அவர்தம் குழுவினரும் காற்றில் மிதந்துவரும் மணமும் வழிகாட்டும் என்று காட்டினர். பழகிய நிலப்பகுதிக்கு வந்தபின் சில புறாக்கள் நெடுஞ்சாலைகளைப் பின்பற்றிப் பறத்தலையும், சாலை திரும்புமிடத்தில் தாமும் திரும்புதலையும் ஆக்ஸ்போர்டு அறிஞர்கள் கண்டனர். இவை ஒவ்வொன்றும் எவ்வளவு பங்காற்றுகின்றது என்னும் வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

இவ்வளவு கருவிகள் இருந்தும் வழி தவறுவது உண்டு. 1997ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள், இங்கிலாந்தின் புறாப் பந்தயக் கழகம் தன் நூற்றாண்டு விழாவின் பொருட்டுப் பிரான்சின் நாண்ட் நகரிலிருந்து 60,000 புறாக்களைப் பறக்கவிட்டது. அவற்றுள் பெரும்பாலானவை வீடு திரும்பவே இல்லை. ஒலியினும் விரைந்து செல்லும் கான்கார்டு விமானம் கடற்கால்வாயின்மேல் சென்றபோது எழுந்த அதிர்வலை, செவிக்கெட்டாத நுண்ணொலிகளைக் கொண்டு வழியறியும் புறாக்களைக் குழப்பியிருக்கலாம் என்று அமெரிக்க அறிஞர் ஒருவர் பின்னர் விளக்கம் கூறினார். எக்காரணத்தாலாயினும், அன்று ஆயிரக்கணக்கான கொல்லைகளில் மக்கள் இருட்டும் வரை வெறும் வானத்தைப் பார்த்து நின்றனர்.

வல்லூறும் புயலும் மின்கம்பியும் ஒவ்வொரு பந்தயத்திலும் உயிர் கொள்ளும். விலங்குகளின் நலம் பேணுவோர், மனிதர் களிப்பிற்காகப் பறவைகளை இடருக்கு உட்படுத்தலாகுமோ என்று வினவுகின்றனர். அவ்வினா தள்ளத்தக்கதன்று. 2020இல் பெல்ஜியப் பெண்புறா ஒன்று 16 இலட்சம் யூரோவிற்கு ஏலம் போயிற்று. சுரங்கத் தொழிலாளியின் கொல்லையில் வளர்ந்த விளையாட்டு செல்வரின் வாணிகமும் ஆகிவிட்டது. பொருள் மிகுந்த இடத்தில் இரக்கம் குறைதல் உலகியல்பு. மழை வருவதறிந்தும் புறாவை விடுவோரை நான் ஒருகாலும் ஒப்புக்கொள்ளேன். ஆயினும், இவ்விளையாட்டை முற்றும் வெறுக்கவும் என்னால் இயலவில்லை. அதற்குக் காரணம் சில ஆண்டுகளுக்கு முன் நான் கண்ட ஒரு காட்சியே.

சென்னையிலும் இப்பந்தயம் பல்லாண்டுகளாக நடைபெற்று வருகின்றது. வடசென்னையில் என் உறவினர் வீட்டிற்கு அடுத்த வீட்டில் மின்விசிறி பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவர் இருந்தார். மொட்டை மாடியில் பலகையால் அமைத்த கூட்டில் முப்பது புறாக்கள் வளர்த்தார். ஒருநாள் அவற்றுள் ஒன்று, ஏறத்தாழ 900 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நாக்பூரிலிருந்து விடப்பட்டிருந்தது. மாலை நான்கு மணிக்கே அவர் மாடியேறிவிட்டார். நானும் உடன் சென்றேன். காக்கை பறந்தாலும் அவர் எழுந்து நின்றார். இருட்டிய பின்னும் இறங்கவில்லை. “இனி வராது ஐயா, ராத்திரியிலே பறக்காது” என்று என்னிடம் கூறிவிட்டுத் தாம் மட்டும் அங்கேயே அமர்ந்திருந்தார்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். வடதிசையில் ஒரு புள்ளி தோன்றியது. அது தாழ்ந்து வந்து, சிறகுகளை மடக்கித் தண்ணீர்த் தொட்டியின்மேல் அமர்ந்தது. மார்பு ஒட்டியிருந்தது, வாலில் ஓர் இறகு இல்லை. தானியக் குவளையைக் குலுக்கி அழைக்கவேண்டிய இளைஞர், குவளையைக் கையில் பிடித்தபடியே அசையாது நின்றுவிட்டார். புறா தானாகவே இறங்கிச் சிறிது நீர் பருகியது, கூட்டிற்குள் நுழைந்தது. அங்குப் பெண்புறா இரண்டு முட்டைகளின்மீது அமர்ந்திருந்தது. ஆண்புறா பகலில் அடைகாக்கும் முறை தொடங்கும் வேளை அது. பெண்புறா எழுந்து வழிவிட்டது. வந்த புறா முட்டைகளை மெல்ல அலகால் திருத்திக்கொண்டு அவற்றின்மேல் அமர்ந்தது. அதன் காலில் இருந்த ரப்பர் வளையம் கடிகாரப் பெட்டிக்குச் செல்லவேண்டியது என்பது அதன்பின்னரே இளைஞருக்கு நினைவு வந்தது.